மண்டியிட்டவர்களும் விலை கொடுத்தவர்களும்: களத்தில் எழும் எதிர்ப்பு பற்றி

ஓடுபாதை (இழையைத் தொடங்கியவர்)

1968 அக்டோபர் 16 அன்று மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தை 19.83 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்த அமெரிக்கக் கறுப்பின வீரர் டாமி ஸ்மித்தும், மூன்றாவதாக வந்த அவருடைய அணித்தோழர் ஜான் கார்லோஸும், பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தித் தலைகுனிந்து நின்ற படத்தைப் பார்க்காதவர் இங்கே அநேகமாக இருக்க மாட்டார்கள். காலணி இல்லாமல் கறுப்புக் காலுறையோடு நின்றது கறுப்பின மக்களின் வறுமையைக் காட்டுவதற்காக. கார்லோஸ் அணிந்திருந்த மணிமாலை, வெறிகொண்ட கும்பல்களால் கொல்லப்பட்டவர்களின் நினைவாக. கார்லோஸ் தன் கையுறைகளை மறந்துவிட்டு வந்ததால், ஒரே ஜோடியை இருவரும் பகிர்ந்துகொள்ளலாமே என்று யோசனை சொன்னவர், இரண்டாமிடம் பெற்ற வெள்ளைக்கார ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன். ஒருவருடைய வலக்கையும் மற்றவருடைய இடக்கையும் உயர்ந்தது அதனால்தான்.

சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த ஏவரி பிரண்டேஜ், இருவரையும் வெளியேற்றாவிட்டால் அமெரிக்கத் தடகள அணி முழுவதற்கும் இடமில்லை என்று நெருக்கினார். இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு ஒலிம்பிக் கிராமத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். (பதக்கங்களும் பறிக்கப்பட்டன என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு.) 1936-இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக பெர்லினுக்குச் சென்றவரும் இதே பிரண்டேஜ்தான். அங்கே பதக்க மேடையில் ஜெர்மானியர்கள் நாஜி வணக்கம் செலுத்தியபோது அவருக்கு எந்த மறுப்பும் இருக்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீரரின் எதிர்ப்பை அவர் அதற்குக் கொடுத்த விலையைக் கொண்டே நான் எடைபோடுகிறேன். ஸ்மித்தும் கார்லோஸும் கொலை மிரட்டல்களையும் வேலையின்மையையும் சந்தித்தார்கள். முகம்மது அலி, 1967-இல் ராணுவத்தில் சேர மறுத்து, பட்டத்தையும் தன் உடல் வலிமை உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகளையும் இழந்தார். இன்றைக்குச் சட்டையில் ஒரு வாசகத்தை அச்சிட்டுக்கொண்டு, விளம்பரதாரரின் கைத்தட்டலோடு செய்யப்படுவதை அதே சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

பழைய நடுவர்

பல ஆண்டுகள் விசிலோடு களத்தில் நின்றவன் என்ற முறையில், யாரும் விரும்பாத பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒலிம்பிக் சாசனத்தின் 50-ஆம் விதி, போட்டி நடைபெறும் இடங்களில் அரசியல், மதம், இனம் சார்ந்த பரப்புரைக்கு இடமில்லை என்கிறது. அதை எழுதியவர்கள் எல்லோரும் பிரண்டேஜ்கள் அல்லர். ஒரு நடுவர் ஒரு வீரரின் கைப்பட்டையைப் பார்த்து, "இது நியாயமான கோரிக்கை, அனுமதிக்கிறேன், அது அநியாயமான கோரிக்கை, கழற்று" என்று சொல்லத் தொடங்கினால், அன்று முதல் அவர் நடுவர் அல்லர், நீதிபதி. அந்தப் பதவிக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. இன்று உங்களுக்குப் பிடித்த முஷ்டி உயர்கிறது. நாளை உங்களுக்குப் பிடிக்காத கை நீளும். நீங்களே சொன்ன பெர்லின்தான் அதற்குச் சான்று. பொருளைப் பார்க்காத விதி மட்டுமே எல்லோரையும் சமமாகக் காக்கும்.

இதனால் ஸ்மித்தும் கார்லோஸும் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. விதியை மீறும் துணிவு அவர்களுடைய பெருமை என்றால், மீறுவதற்கு ஒரு விதி இருக்கத்தானே வேண்டும்?

இடக்கை

ஐயா, பொருளைப் பார்க்காத விதி என்று ஒன்று நடைமுறையில் எங்கே இருக்கிறது? 2020 ஜூலையில் இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் வீரர்கள் 'கறுப்பின உயிர்களும் முக்கியம்' (Black Lives Matter) என்ற இயக்கத்தின் சின்னத்தைச் சட்டைக் காலரில் அணியச் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் அனுமதித்தது. 2023 டிசம்பரில் ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா, காசா மக்களை நினைத்து, எல்லா உயிர்களும் சமம், சுதந்திரம் மனித உரிமை என்று காலணியில் எழுதிக்கொண்டு பெர்த் டெஸ்டில் ஆட விரும்பியபோது, அதே கவுன்சிலின் விதிகள் குறுக்கே வந்தன. எழுத்துகளை ஒட்டுநாடாவால் மூடிக்கொண்டு, கையில் கறுப்புப் பட்டையோடு இறங்கியதற்கும் அவர் கண்டிக்கப்பட்டார். பின்னர் புறாச் சின்னம் கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. இரண்டு முறையும் விதிநூல் ஒன்றுதான். மாறியது, எந்தத் துயரத்தைப் பேசினால் வம்பில்லை என்ற கணிப்பு. நீங்கள் அஞ்சும் நீதிபதி ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தன்னை நடுவர் என்று சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து, வீரர் வாய் திறப்பதற்கு முன்னால் களம் வெறுமையாக இருந்ததாக ஒரு கற்பனை இந்த விவாதம் முழுவதிலும் ஓடுகிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் தேசிய கீதத்தின்போது வீரர்கள் அனைவரும் எல்லைக்கோட்டில் வரிசையாக நிற்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் அன்று. 2009-க்கு முன்பு இரவு நேர நேரலை ஆட்டங்களில் பெரும்பாலும் உடைமாற்றும் அறையிலேயே இருப்பார்கள். 2015-இல் மெக்கெய்ன், ஃபிளேக் என்ற இரண்டு செனட்டர்கள் வெளியிட்ட அறிக்கை, களத்தில் படைவீரர்களைக் கௌரவிப்பது போன்ற தேசபக்திக் காட்சிகளை உள்ளடக்கிய ஒப்பந்தங்களுக்காக ராணுவத் துறை தொழில்முறை அணிகளுக்கு 68 லட்சம் டாலர் கொடுத்திருந்ததைக் காட்டியது. பின்னர் அந்தக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 7 லட்சத்து 23 ஆயிரம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. காசு வாங்கிக்கொண்டு நடத்தப்பட்ட வணக்கம் விளையாட்டு. காசு வாங்காமல் ஒருவர் கீதத்தின்போது இனவெறியை எதிர்த்து மண்டியிட்டால் அரசியல். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

பழைய நடுவர்

கவாஜா விஷயத்தில் உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விதி ஓரவஞ்சனையோடு செயல்படுத்தப்படுகிறது என்பதால் விதியே வேண்டாம் என்றாகிவிடாது. ஆஃப்சைடு கொடியை லஞ்சம் வாங்கிக்கொண்டு உயர்த்துபவர் இருக்கிறார் என்பதற்காக ஆஃப்சைடையே எடுத்துவிடுவோமா?

மூன்றாம் சுற்று

தடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கட்டாயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 2021 அக்டோபர் 26 அன்று துபாயில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான உலகக் கோப்பை இருபது ஓவர் ஆட்டத்துக்குச் சில மணி நேரத்துக்கு முன்பு, இனவெறிக்கு எதிரான சைகையாக எல்லா வீரர்களும் மண்டியிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வாரியம் உத்தரவிட்டது. குயின்டன் டி காக் ஆடாமல் விலகினார். அன்று அவர் மீது விழுந்த பட்டங்கள் நினைவிருக்கும். இரண்டு நாள் கழித்து வெளியிட்ட அறிக்கையில் மன்னிப்புக் கேட்டார். தன் சிற்றன்னை கறுப்பினத்தவர் என்றும், தன்னைப் பொறுத்தவரை கறுப்பின உயிர்களின் மதிப்பு பிறந்த நாளிலிருந்தே தெரிந்த செய்தி என்றும், தன் உரிமை பறிக்கப்பட்டதாக உணர்ந்ததே காரணம் என்றும் சொன்னார். பிறகு மண்டியிட்டும் ஆடினார்.

டி காக்கின் நிலைப்பாட்டை நான் முழுமையாக ஆதரிக்கவில்லை. இனவொதுக்கலைச் சட்டமாகவே வைத்திருந்த ஒரு நாட்டின் சட்டையை அணிந்துகொண்டு, அணியில் உள்ள கறுப்பின வீரர்களுக்குப் பக்கத்தில் நிற்கும்போது, "என் விருப்பம்" என்ற சொல்லுக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. ஆனாலும் உத்தரவின் பேரில் வளையும் முழங்காலுக்கு எதிர்ப்பு என்ற பெயர் பொருந்துமா என்ற கேள்வி நிற்கிறது. கறுப்பின வீரரான வில்ஃபிரட் ஸாஹாவே 2021-இல், இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் மண்டியிடுவது ஆட்டத்துக்கு முந்தைய சடங்குகளில் ஒன்றாகிவிட்டது என்று சொல்லி நின்றபடியே இருந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூவர் மீதும் இணையத்தில் கொட்டப்பட்ட இனவசையைப் பார்த்தால், ஓர் ஆண்டு முழுவதும் வாராவாரம் வளைந்த முழங்கால்கள் யாரை எட்டின என்று கேட்கத் தோன்றுகிறது.

ஓடுபாதை

நான் சொல்லவந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். விலை இல்லாதபோது சைகை சடங்காகிவிடுகிறது.

கணக்கன்

இந்த "விலை" என்ற அளவுகோலோடு எனக்கு உடன்பாடு இல்லை, நண்பரே. விலையைத் தீர்மானிப்பவர் யார்? வீரர் அல்லர், அவரைத் தண்டிக்கும் இடத்தில் இருப்பவர். அப்படியானால், எவ்வளவு கொடூரமாகத் தண்டித்தார்கள் என்பதை வைத்து எதிர்ப்பின் தரத்தை அளக்கிறீர்கள். அணி உரிமையாளர் நல்லவராகிவிட்டால் வீரரின் மதிப்புக் குறைந்துவிடுமா? இழப்பு பெரிதாக இருந்தது என்பது இழந்தவரின் துணிவைக் காட்டலாம். அதைவிட முக்கியமாக, அவரைக் காக்க எந்த ஏற்பாடும் இல்லை என்பதையும் காட்டுகிறது. நான் ஒப்பந்தங்களைப் படித்துப் பிழைக்கிறவன் என்பதால் என் கண் அங்கேதான் போகும்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்கை எடுத்துக்கொள்வோம். 2016 ஆகஸ்டில் கறுப்பின மக்கள் மீதான ஒடுக்குமுறையை எதிர்த்து, சான் பிரான்சிஸ்கோ அணியின் பயிற்சி ஆட்டங்களில் கீதத்தின்போது உட்கார்ந்திருந்தார். முன்னாள் சிறப்புப் படைவீரரும் ஆட்டக்காரருமான நேட் போயர் அவரைச் சந்தித்துப் பேசிய பிறகு, செப்டம்பர் 1 அன்று சான் டியேகோவில் அணித்தோழர் எரிக் ரீடோடு மண்டியிட்டார். உட்காருவதைவிட மண்டியிடுவது படைவீரர்களுக்கு மரியாதையாக இருக்கும் என்று ஒரு படைவீரரோடு பேசி எடுத்த முடிவே, படைவீரர்களை அவமதித்ததாகத் திரிக்கப்பட்டது. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து வெளிவந்தார்; அதன்பின் 32 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை.

ஏன் அது அவ்வளவு எளிதாக நடந்தது? 2014-இல் அவர் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தின் தலைப்புத் தொகை 12.6 கோடி டாலர் வரை. ஒப்பமிட்ட நாளில் நிபந்தனையின்றி உறுதியளிக்கப்பட்டது ஏறத்தாழ 1.3 கோடி மட்டும். அந்த விளையாட்டின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இப்படித்தான்: அணி நினைத்தால் பாதியில் கைகழுவிவிடலாம். கூடைப்பந்தில், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் முழுமையாக உறுதியளிக்கப்பட்டது. அமெரிக்கக் கால்பந்தில் வீரர் முகமூடிக்குள் இருக்கிறார். கூடைப்பந்தில் ஓர் அணியில் ஐந்து முகங்கள் ஆடுகின்றன, அந்த முகங்களே வணிகம்.

இப்போது 2020 ஆகஸ்ட் 26-ஐப் பாருங்கள். மூன்று நாள் முன்பு விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் சுட்டிருந்தார். அதே மாநிலத்தைச் சேர்ந்த மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி, ஆர்லாண்டோவுக்கு எதிரான பிளே-ஆஃப் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்துக்கு அறையை விட்டு வெளியே வரவில்லை. அறைக்குள்ளிருந்தபடியே மாநிலத் தலைமை வழக்கறிஞரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைய மற்ற ஆட்டங்களும் நின்றன. பெண்கள் கூடைப்பந்தும் பேஸ்பால் ஆட்டங்கள் சிலவும் நின்றன. பத்திரிகைகள் இதைப் "புறக்கணிப்பு" என்று எழுதின. சரியான சொல் வேலைநிறுத்தம். அதுவும், வேலைநிறுத்தம் கூடாது என்ற பிரிவைக் கொண்ட கூட்டு ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே. யாரும் தண்டிக்கப்படவில்லை. மூன்று நாளில் ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது, அணிகளின் அரங்குகளை அந்த ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்கும் மையங்களாக்க முயல்வதாக நிர்வாகம் வீரர் சங்கத்தோடு உடன்பட்டிருந்தது.

ஓடுபாதை அவர்களே, உங்கள் அளவுகோலின்படி பக்ஸ் அணியினர் எதையும் இழக்கவில்லை. எனவே அவர்கள் செய்தது குறைவு. என் பார்வையில், இழக்காமல் செய்ய முடிந்ததே அவர்களுடைய சாதனை.

இடக்கை

கணக்கன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், சங்கமும் உறுதியான சம்பளமும் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம் என்பதற்காக. அதே என்.பி.ஏ.வில் 1996 மார்ச்சில் டென்வர் அணியின் மஹ்மூத் அப்துல் ரவூஃப், அந்தக் கொடி பலருக்கு ஒடுக்குமுறையின் சின்னம் என்று சொல்லிக் கீதத்துக்கு எழுந்து நிற்க மறுத்தார். விதிப்படி இடைநீக்கம்; ஒரே ஆட்டத்துக்கு 31 ஆயிரம் டாலருக்கு மேல் சம்பள வெட்டு. நின்றபடி கண்ணை மூடிப் பிரார்த்திக்கலாம் என்ற சமரசத்தோடு திரும்பினார். அந்தப் பருவத்தில் அணியில் அதிகப் புள்ளிகள் சராசரி வைத்திருந்தவரை அதே கோடையில் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் அவருக்கு ஆட்டமே இல்லாமல் போயிற்று. உறுதியளிக்கப்பட்ட ஒப்பந்தம் இருப்பதைக் காக்கும். அடுத்த ஒப்பந்தத்தைத் தராது. 2020-இல் கிட்டத்தட்ட எல்லோரும் மண்டியிட்டபோது, நிற்க வேண்டும் என்ற அந்த விதி புத்தகத்தில் அப்படியே இருந்தது. செயல்படுத்த யாரும் முன்வரவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளில் மாறியது விதி அன்று, எண்ணிக்கை.

பழைய நடுவர்

கூட்டமாகச் செய்தால் தண்டனை இல்லை என்பதை ஒரு நன்மையாக நீங்கள் இருவரும் சொல்கிறீர்கள். நான் அதைக் கொஞ்சம் அச்சத்தோடு கேட்கிறேன். மூன்றாம் சுற்று சொன்ன துபாய் உத்தரவும் கூட்டத்தின் குரல்தானே? கிரிக்கெட் வீரர்கள் ஹென்றி ஒலோங்காவும் ஆண்டி ஃபிளவரும் 2003 பிப்ரவரி 10 அன்று ஹராரேயில், ஜிம்பாப்வேயில் மக்களாட்சியின் மரணத்துக்குத் துக்கம் கொண்டாடிக் கறுப்புப் பட்டை கட்டியபோது, அணியில் இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும். ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர்; அது தற்செயல் அன்று. ஒலோங்கா நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. பதினொருவரும் சேர்ந்தால்தான் பட்டை கட்டலாம் என்று அவர்கள் காத்திருந்தால், அந்தப் பட்டையை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

ஆக, என் நிலைப்பாடு இந்த இழையின் தொடக்கத்தில் இருந்த இடத்திலிருந்து சற்று நகர்ந்திருக்கிறது என்பதையும் எழுதிவைக்கிறேன். வாரியம் தடுக்கவும் வேண்டாம், ஏவவும் வேண்டாம். 2021 ஜூலையில் ஒலிம்பிக் குழு, போட்டி தொடங்கும் முன் களத்தில் சைகை செய்யலாம், பதக்க மேடையில் மட்டும் கூடாது என்று தளர்த்தியது; டோக்கியோவில் பெண்கள் கால்பந்து அணிகள் சில மண்டியிட்டுத்தான் ஆடின; வானம் இடிந்து விழவில்லை. மேடைக்கும் களத்துக்கும் இடையே அந்தக் கோட்டை ஏன் வரைந்தார்கள் என்பதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஸ்மித்தும் கார்லோஸும் செய்ததை இன்று செய்தாலும் அது குற்றம்தான்.

மூன்றாம் சுற்று

வீரரைக் கேட்காமலே அவர் பெயரால் எதிர்ப்பு நடத்துவது என்று இன்னொரு வகையும் உண்டு. 1974-இல் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றில் தென்னாப்பிரிக்காவோடு ஆட இந்தியா மறுத்தது. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் உச்சத்தில் இருந்த அணி. வெல்லும் வாய்ப்பு உண்மையாகவே இருந்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கு ஆடாமலே கிடைத்தது. மறுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்; அந்நாட்டை உலக விளையாட்டிலிருந்து தனிமைப்படுத்தியது இப்படிப்பட்ட மறுப்புகளின் தொடர்தான். ஆனால் முடிவெடுத்தவர்கள் இழக்கவில்லை, இழந்தவர்கள் முடிவெடுக்கவில்லை. விலை பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கும் எங்கோ சேர வேண்டும்.

ஓடுபாதை

கணக்கன் அவர்களுக்கு: இரண்டு நாள் யோசித்தேன். தண்டித்தவரின் கொடூரத்தைக் கொண்டு எதிர்ப்பின் தரத்தை அளக்கிறேன் என்று நீங்கள் சொன்னது என்னைத் தைத்தது. நார்மனை நினைத்துப் பார்த்தேன். மேடைக்குப் போகும் வழியில், கறுப்பின வீரர்களின் எதிர்ப்பு அமைப்பான மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டத்தின் வட்டச் சின்னம் தனக்கும் வேண்டும் என்றார். அமெரிக்கத் துடுப்புப் படகு வீரர் பால் ஹாஃப்மன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அன்று அவர் ஓடிய 20.06 விநாடி, ஆஸ்திரேலியச் சாதனையாக 2024 டிசம்பர் வரை நின்றது. 1972 ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பவில்லை. அது பழிவாங்கலா இல்லையா என்று இன்றும் அந்நாட்டில் வாதிடுகிறார்கள். என் அளவுகோலின்படி, அது பழிவாங்கல் என்று நிரூபணமானால் நார்மன் பெரியவர், இல்லையென்றால் சற்றுச் சிறியவர் என்றாகிறது. அது அபத்தம். சின்னத்தைக் கேட்டு வாங்கிய அந்த நொடியில், பின்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. முதல் பதிவில் நான் சட்டை வாசகங்களைப் பற்றி எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

கீழ்வானம்

இழை முழுவதையும் இப்போதுதான் படித்து முடித்தேன். ஒருவரும் பெண்களில் ஒருவர் பெயரைக்கூட எடுக்கவில்லை என்பதை யாரும் கவனித்தீர்களா? சட்டை வாசகம் பற்றிய வரியைத் திரும்பப் பெற்றது நல்லது. ஏனென்றால் 2016 ஜூலையில், கேப்பர்னிக் உட்காருவதற்கு முன்பே, மின்னசோட்டா லிங்ஸ் பெண்கள் கூடைப்பந்து அணி காவல்துறைத் துப்பாக்கிச் சூடுகளைக் கண்டிக்கும் சட்டைகளோடு களம் இறங்கிற்று. அதைத் தொடர்ந்து சட்டை அணிந்த மற்ற அணிகளுக்கு 5,000 டாலர், வீராங்கனைகளுக்கு ஆளுக்கு 500 டாலர் அபராதம். அவர்கள் செய்தியாளர் சந்திப்புகளில் ஆட்டம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்தினார்கள்; சில நாட்களில் அபராதம் ரத்தானது. ஆண்களின் சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாத சம்பளம் வாங்கியவர்கள். கணக்கன் விவரித்த கூட்டு வலிமையை முதலில் காட்டியவர்கள் இவர்கள். பக்ஸ் அணி நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது.

மெக்சிகோவிலும் அப்படித்தான். ஸ்மித் ஓடியதற்கு முந்தைய நாள், வயோமியா டையஸ் 100 மீட்டரில் தங்கம் வென்றார். அந்தத் தங்கத்தை அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளில் வென்ற முதல் மனிதர், ஆண்களையும் சேர்த்து. வழக்கமான வெள்ளை அரைக்கால் சட்டையை விட்டுவிட்டுக் கருநிற அரைக்கால் சட்டையோடு ஓடினார். அதுவே அவருடைய எதிர்ப்பு. யாரும் கவனிக்கவில்லை. மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டத்தை நடத்திய ஆண்கள், கறுப்பினப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்காதபோதும், 4x100 தொடரோட்டத்தில் வென்ற தங்கத்தை, கிராமத்தை விட்டு அனுப்பப்பட்டுவிட்ட ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் அவர் காணிக்கையாக்கினார்.

ஓடுபாதை

அரைக்கால் சட்டையைப் பற்றி எனக்குத் தெரியாது. அந்த ஓட்டத்தின் காணொளியைப் பலமுறை பார்த்திருக்கிறேன், கடிகாரத்தைத்தான் பார்த்தேன். இன்றிரவு மறுபடி பார்க்கப் போகிறேன்.